ஒரே இழுப்பு வெள்ளியங்கிரியும் 4-சி வீட்டுக் கதவும்

கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் சங்க அலுவலகம் என்று ஓர் அறை உண்டு. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே ஏழெட்டுப் பேர் கூடிச் சாவி இல்லாமல் பூட்டுத் திறப்பார்கள். எல்லாம் பொழுதுபோக்குக்குத்தான். ஊரில் சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், சிலர் மொட்டை மாடியில் தக்காளி வளர்க்கிறார்கள், இவர்கள் பூட்டுத் திறக்கிறார்கள். அவரவர் பூட்டை அவரவர்தான் திறக்க வேண்டும், உபயோகத்தில் இருக்கும் பூட்டில் கை வைக்கக் கூடாது, உரிமைப்பட்டவர் வாய்விட்டுச் சொல்லாமல் எதையும் தொடக் கூடாது என்று விதிகள்கூட எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் நஞ்சப்பன் அந்த விதிகளை நம்பவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் ஆதார் நகல் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். கூட்டம் முடியும்வரை வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பரில் ஒரே பக்கத்தை இரண்டு மணி நேரம் படிப்பார். அறையைக் கொடுத்ததே 2-ஏ வீட்டு டாக்டர் பூங்கோதைக்காகத்தான். தன் கடைவாய்ப் பல்லில் மூன்று நாள் வலிக்காமல் வேலை பார்த்த பல் டாக்டர் கேட்கும்போது எப்படி மறுப்பது?

இந்த மன்றத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி ரேக் கட்சி. ரேக் என்பது சீப்பு மாதிரி மேடு பள்ளம் வைத்த மெல்லிய தகடு. பூட்டுக்குள் விட்டு முன்னும் பின்னுமாக விறுவிறுவென்று இழுத்தால், உள்ளே வரிசையாக நிற்கும் பின் என்ற குட்டிக் குச்சிகளெல்லாம் குலுங்கி, அதிர்ஷ்டம் இருந்தால் சரியான உயரத்தில் போய் நின்றுகொள்ளும். பூட்டுத் திறக்கும். மற்றது ஒற்றைப் பின் கட்சி. ஒரு கையில் வளைந்த கம்பியால் பூட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கொக்கி போன்ற ஊசியால் ஒவ்வொரு பின்னாகத் தேடித் தடவித் தூக்கி நிறுத்துவது. பூங்கோதை இரண்டாவது கட்சி. வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஊசி விட்டுத் தடவுகிறவளுக்கு வேறு கட்சியில் சேர வழியில்லை.

ரேக் கட்சிக்குத் தலைவர், தொண்டர், கொள்கைபரப்புச் செயலாளர் எல்லாம் வெள்ளியங்கிரி ஒருத்தர்தான். பம்ப்செட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ஐம்பத்திரண்டு வயசு. நரைத்த மீசை. கொங்கு நாட்டில் அவர் போகாத ஊர் இல்லை. போன ஊரிலெல்லாம் ஏதாவது ஒரு பூட்டு அவருக்காகக் காத்திருந்தது. எல்லாக் கதையிலும் "ஒரே இழுப்பு" என்று வருவதால் பேரே ஒரே இழுப்பு வெள்ளியங்கிரி என்று ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"போன வாரம் பல்லடம் போயிருந்தனுங்க. மோட்டார் டீலர் ஒருத்தரு குடோன் சாவியத் தொலைச்சுப்போட்டு நிக்கறாரு. பூட்டு ஒவ்வொண்ணும் தேங்கா சைசுங்க. ரேக்க உள்ள உட்டு ஒரே இழுப்பு. தொறந்துக்கிச்சு. அதுல ஒரு சங்கடம் என்னன்னா, இழுத்த வேகத்துல பக்கத்து நகைக்கடைப் பூட்டும் சேந்து தொறந்துக்கிச்சு. அதத் திருப்பிப் பூட்டறதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சுங்க."

"பூட்டறதுக்கு எதுக்குங்க ஒரு மணி நேரம்?" என்றார் ஒரு உறுப்பினர்.

"அது பூட்டிக்கவே மாட்டேங்குது. என் கைய ஒருக்காப் பாத்த பூட்டு அப்படித்தானுங்க ஆகிப்போகும்."

பூங்கோதை தன் பூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேசை ஓரத்தில் இடுக்கி போட்டு மாட்டியிருந்த ஆறு பின் கதவுப் பூட்டு அது. அதை அவள் திறக்கக் குறைந்தபட்சம் இருபத்துமூன்று நிமிஷம் ஆகும். அதுவும் அமைதி இருந்தால். எட்டு மாசமாக வெள்ளியங்கிரி பேச்சை நிறுத்தவே இல்லை.

"மேட்டுப்பாளையத்துல ஒரு கல்யாண மண்டபம்" என்று அவர் தொடர்ந்தார். "மாப்ள ரூம் பூட்டிக்கிச்சு. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிசம். நானுங்க சும்மா பந்தில உக்காரப் போனவன். ஒரே இழுப்பு. மாப்ள ரூம் தொறந்துச்சு. அந்த வரிசையில இருந்த இருபத்திரண்டு ரூமும் தொறந்துச்சு. பாதிச் சவரத்தோட சொந்தக்காரனெல்லாம் வெளிய வர்றான். பீரோ தொறக்குது, சூட்கேஸ் தொறக்குது, மாப்ளயோட பெல்ட்டு கூடக் கழண்டு உளுந்துருச்சுங்க. ஒரு கையில வேட்டியப் புடிச்சுக்கிட்டுத்தான் அந்தப் பையன் தாலியே கட்டினான்."

"ஒரு கையால எப்படிங்க மூணு முடிச்சுப் போடறது?" வாசலில் பேப்பருக்குப் பின்னாலிருந்து நஞ்சப்பன் கேட்டார்.

"அதையும் பாத்தமுங்க. நாத்தனார் வந்து முடிச்சுப் போட்டாங்க."

பூங்கோதை பூட்டோடு இடுக்கியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். "வெள்ளியங்கிரி சார். இத ஒரு இழுப்பு இழுங்க. நான் பாக்கறேன்."

அவர் பூட்டைக் கையில் எடுத்து, எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பி வைத்தார். "இது பழகற பூட்டுங்க டாக்டர். அவசரம்னு ஒண்ணு இருந்தாத்தான் என் கை ஓடும். சும்மா இருக்கற பூட்டத் தொறந்தா அதுக்கும் மரியாத இல்ல, எனக்கும் மரியாத இல்ல."

அவசரம் அப்போதுதான் படிக்கட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

நாலாவது மாடி 4-சி வீட்டு தில்ஷாத் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. எதிர்வீட்டில் கறிவேப்பிலை கேட்கப் போன நேரத்தில் காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டுவிட்டது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி உள்ளே. இன்னொரு சாவி திருப்பூரில் கணவன் பையில். உள்ளே அடுப்பில் கொண்டைக்கடலை குக்கர், பக்கத்தில் அப்போதுதான் பொரித்து இறக்கிவைத்த எண்ணெய்ச் சட்டி. உள்ளே நாலு வயசு மகள் ஹனா தனியாக.

"இங்க பூட்டுத் தொறக்கறவங்க இருக்காங்கன்னு சொன்னாங்களே" என்றாள்.

எல்லாரும் வெள்ளியங்கிரியைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். லிஃப்டுக்குக் காத்திராமல் நாலு மாடி ஏறினார். பூங்கோதை தன் ஊசிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவர் இன்று வசமாக மாட்டினார் என்று அவள் மனசில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது உண்மை. அது மூன்றாவது மாடி வரைக்கும்தான் இருந்தது. அங்கேயே குழந்தையின் அழுகுரல் கேட்டது.

நஞ்சப்பன் எங்கிருந்தோ கடப்பாரை கொண்டுவந்துவிட்டார். ஆனால் குழந்தை கதவை ஒட்டி நின்று அழுதது. தள்ளிப் போ என்று சொன்னால் நேரே சமையலறைக்குத்தான் போகும் என்றாள் தில்ஷாத். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி அடுப்பை அணைக்கிற பழக்கம் அதற்கு உண்டு. அம்மா பின்னால் நின்று பிடித்துக்கொள்வாள், பெருமைப்படுவாள். இப்போது பிடிக்க ஆளில்லை. பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் வந்து சேர அரைமணி நேரமாவது ஆகும்.

"உங்க வீடு. திறக்கறதுக்கு நீங்க சொல்றீங்கல்ல?" என்று பூங்கோதை தில்ஷாத்திடம் கேட்டாள். விதி அப்படி.

"உடைங்க, திறங்க, என்ன வேணாப் பண்ணுங்க."

வெள்ளியங்கிரி முழங்காலிட்டார். வளைந்த கம்பியை மாட்டினார். ரேக்கை உள்ளே விட்டார். ஒரே இழுப்பு.

பூட்டு அசையவில்லை.

இன்னொரு இழுப்பு. பத்து இழுப்பு. மேலே தூக்கி, கீழே அழுத்தி, கம்பியை மாற்றிப் பிடித்து, வேகமாக, மெதுவாக. தகடு பூட்டுக்குள் கரகரவென்று ஓடியது. அவர் முதுகுச் சட்டை நனைந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. "அது மூணாவது" என்றாள் தில்ஷாத், யாரிடமும் இல்லாமல்.

அவர் நகர்ந்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கப் பூங்கோதைக்குச் சங்கடமாக இருந்தது. அவர் இடத்தில் முழங்காலிட்டாள்.

பூட்டு அவள் மேசைப் பூட்டின் சாதிதான். ஆறு பின். கம்பியைச் சாவித்துளையின் கீழ்ப்பக்கம் மாட்டி, விரல் நுனியால் மெல்லத் திருப்பிப் பிடித்தாள். ஊசியை உள்ளே விட்டுக் கடைசிப் பின்னிலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். எது இறுகி நிற்கிறதோ அதை முதலில் தூக்க வேண்டும். மூன்றாவது இறுகியிருந்தது. தூக்கினாள். 'டிக்' என்று ஒரு சின்ன அதிர்வு விரலில் வந்தது. ஒன்று.

உள்ளே அழுகை நின்றது. "அம்மா, குக்கர் கத்துது. நான் போய் ஆஃப் பண்றேன்."

"வேணாம் ஹனா, அங்க போகாத, இங்கயே இரு" என்று தில்ஷாத் கத்தினாள். கத்திய கத்தலில் குழந்தை மறுபடி அழ, காலடிச் சத்தம் கதவை விட்டு விலகியது.

அப்போது வெள்ளியங்கிரி கதவில் விரலால் தட்டினார். "அம்முணி. இங்க ஒரு ஆனை வந்து நிக்குது. அது உன்னயத்தான் கேக்குது."

காலடி நின்றது. மெல்லத் திரும்பி வந்தது. பிறகு கதவுக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "பொய்."

"பொய்யா? நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

"ஆனை லிஃப்ட்ல வர முடியாது."

"படில வந்துச்சு. மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்குது. இது என்னோட பழைய சிநேகிதன் அம்முணி. ஆனைகட்டி காட்டுல இதச் சங்கிலி போட்டுப் பூட்டி வெச்சிருந்தாங்க. சாவி வெச்சிருந்த பாகன் ஊருக்குப் போயிட்டான். ஆனைக்கோ பசி. நான் அந்தப் பக்கமா மோட்டார் விக்கப் போனேன். கையில ரேக்கு இல்ல. என்ன இருந்துச்சுன்னா, முறுக்கு. அந்த முறுக்கப் பூட்டுக்குள்ள உட்டு ஒரே இழுப்பு."

"முறுக்கு உடைஞ்சிடும்."

"உடைஞ்சுச்சு. ஆனா பூட்டுக்கு முறுக்கு வாசன புடிச்சுப்போச்சு. இன்னும் வேணும்னு வாயத் தொறந்துச்சு பாரு, அப்படியே தொறந்துக்கிச்சு."

உள்ளே யோசனை நடந்தது. "தாத்தா, பூட்டு சாப்பிடாது."

"தாத்தா இல்ல கண்ணு, மாமா."

"தாத்தா குரல்தான்."

படிக்கட்டில் கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். பூங்கோதைக்கு ஐந்தாவது பின் கிடைத்தது. 'டிக்'. இரண்டு. அவளுடைய விரல்கள் சரியாக இருப்பதை அவளே கவனித்தாள்.

விசில் அடித்தது. "குக்கர்" என்றது குழந்தை.

"குக்கர் இல்ல, அது ஆனை. பசில விசில் அடிக்குது. அத விடு, அந்த ஆனை அப்பறம் என்ன பண்ணுச்சு தெரியுமா? நான் பண்ணினதப் பாத்துக் கத்துக்கிச்சு. தந்தத்துல ரேக்கு போட ஆரம்பிச்சிருச்சு. தினம் காலையில அந்தக் காட்டுல இருக்கற செக்போஸ்ட்டு, கெஸ்ட்டு ஹவுஸு, ஆபீசரோட டிபன் கேரியரு, ஒண்ணு பாக்கி இல்ல. ஆபீசரு என்னயக் கூப்புட்டுக் கையெடுத்துக் கும்புட்டாரு. ஏனுங்க, இந்த ஆனைக்கு இதக் கத்துக்குடுத்தது நீங்கதானுங்களே, மறக்கறதுக்கும் ஒரு வழி சொல்லுங்கன்னாரு."

"வழி சொன்னீங்களா?"

"ஆனை எதையும் மறக்காதே அம்முணி. அதனால ஆபீசர வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

கீழ்ப்படியில் நின்ற நஞ்சப்பன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "ஆனைகட்டில என் மச்சான் ஃபாரஸ்ட்ல இருக்கான். அப்படி ஒண்ணும் அவன் சொல்லலயே" என்றார். வெள்ளியங்கிரி அவரைத் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

முதல் பின்னும் நின்றது. மூன்று. ஆறாவது. நான்கு. பூங்கோதையின் வலது முழங்கால் மரத்துப்போயிருந்தது. இந்தச் சாதிப் பூட்டை அவள் மேசையில் வைத்து, மின்விசிறியடியில், தேநீர் குடித்துக்கொண்டு திறந்திருக்கிறாள். திறக்காமல் போனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். திறந்தே ஆக வேண்டிய பூட்டு ஒன்று இதுவரை அவள் கைக்கு வந்ததில்லை. அந்த நினைப்பை அவள் கிட்டே வரவிடவில்லை.

உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் தரையில் உரசும் சத்தம்.

"ஸ்டூலு" என்றாள் தில்ஷாத். வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். கதை ஒன்றும் வரவில்லை. முதல்முறையாக அந்த மனுஷன் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். படிக்கட்டில் இருந்தவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, எட்டு மாசமாகப் பூங்கோதை கேட்டுக்கொண்டிருந்த அமைதி முழுசாக வந்து சேர்ந்தது. அந்த அமைதியில் அவள் விரல் பிசகியது. கம்பி நழுவியது. தூக்கி நிறுத்திய நாலு பின்னும் டக்கென்று கீழே விழுந்தன.

வெள்ளியங்கிரி அவள் காதருகே குனிந்து, கொஞ்சமும் சத்தமில்லாமல் சொன்னார். "டாக்டர். நான் இதுவரைக்கும் தொறந்தது ரெண்டே பூட்டுத்தானுங்க. ரெண்டும் என் சூட்கேஸ்ல தொங்குற சுண்டக்கா சைஸ் பூட்டு."

"தெரியும்" என்றாள் பூங்கோதை. "பேசுங்க."

"என்னத்தப் பேசறது?"

"என்ன வேணா. நிறுத்தாதீங்க. எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அம்முணி, ஸ்டூல இங்க கொண்டுவா. கதவுக்கிட்டப் போட்டு உக்காரு. நின்னுக்கிட்டுக் கேக்கற கதையில்ல இது. மேகத்துக்குப் பூட்டுப் போட்ட கத."

உரசல் சத்தம் நின்றது. பிறகு திசை மாறிக் கதவை நோக்கி வந்தது. தில்ஷாத் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

"மேகத்துல எங்க பூட்டு மாட்டுவாங்க?" குரல் இப்போது கதவுக்கு வெகு கிட்டத்தில், கொஞ்சம் உயரத்திலிருந்து வந்தது.

"கீழ்ப்பக்கம். சிறுவாணி மலை மேல ஏறி நின்னீன்னா தல இடிக்கும். ஒரு வருசம் மழையே இல்ல. மேகமெல்லாம் வருது, நிக்குது, போகுது. சொட்டுத் தண்ணி இல்ல. நம்ம கம்பெனி பம்ப்செட்டெல்லாம் காத்தத்தான் எறைக்குது. நான் மலை மேல ஏறிப் பாத்தேன். ஒவ்வொரு மேகத்துக்கும் ஒரு பூட்டு. துருப் புடிச்ச பூட்டு."

"மழையில நனைஞ்சுதான் துருப் புடிக்கும். மழதான் இல்லயே."

வெள்ளியங்கிரி மீசையைத் தடவினார். பூங்கோதை மூன்றாவது பின்னை மறுபடி நிறுத்திவிட்டு, பேசுங்கள் என்று தலையை ஆட்டினாள்.

"நீ புத்திசாலி. துரு எப்படி வந்துச்சுன்னா, முந்தின வருசத்து மழையில வந்துச்சு. நான் ஒரே இழுப்பு. ஒரு மேகம் தொறந்துச்சு. அது பக்கத்து மேகத்தப் பாத்துச்சு, அதுவும் தொறந்துச்சு. ஒம்பது நாள் மழ. பேரூர் குளம் நொம்பிச்சு, சிங்காநல்லூர் குளம் நொம்பிச்சு, உக்கடத்துல பஸ்ஸெல்லாம் துடுப்புப் போட்டு ஓட்டினாங்க. கலெக்டரு எனக்குப் போன் பண்ணி, வெள்ளியங்கிரி, தயவுபண்ணிப் பூட்டிடுங்கன்னாரு. எனக்குத் தொறக்கத்தான் தெரியும், பூட்டத் தெரியாதுங்கன்னு சொல்லிட்டேன்."

"அப்ப மழ இன்னும் பெய்யுதா?"

"இல்ல, அதுவா தீந்துபோச்சு."

விசில். ஏழாவதா எட்டாவதா என்று தில்ஷாத்துக்கே கணக்குத் தவறிவிட்டது. ஐந்தாவது பின், முதல் பின், ஆறாவது. எல்லாம் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டன. இரண்டாவதைத் தூக்கியபோது சாவித்துளை இருக்கும் உருளை சட்டென்று ஒரு நூலளவு திரும்பியது. தில்ஷாத் பாய்ந்து எழுந்தாள். "திறந்துடுச்சா?"

"இல்ல" என்றாள் பூங்கோதை. "இது ஏமாத்துப் பின். திறந்த மாதிரி நடிக்கும்." உள்ளே ஏதோ ஒரு பின்னுக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கிறது. அந்த இடுப்பில் உருளை மாட்டிக்கொண்டு, வேலை முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது. இதனால்தான் ரேக் வேலை செய்யவில்லை. இந்த இடத்தில் பலம் கொடுத்தால் பூட்டு இறுகிக்கொள்ளும். கம்பியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ரொம்பத் தளர்த்தினால் எல்லாம் விழுந்துவிடும்.

"எத்தன பொய் சொல்லுதுங்க அது?" வெள்ளியங்கிரி மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுதான். உங்க அளவுக்கு இல்ல."

உள்ளேயிருந்து, "தாத்தா, மழ முடிஞ்சிடுச்சு. நான் போறேன்" என்று குரல் வந்தது.

"போ. ஆனா ஒருநாள் விடியவே இல்ல, அது உனக்குத் தெரியாமப் போயிடும்."

"ஏன் விடியல?"

"கெழக்குக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. மணி ஆறு, ஏழு, எட்டு. இருட்டு. கோழியெல்லாம் கூவிக் கூவித் தொண்ட கட்டிப்போச்சு. இஸ்கூல் பிள்ளைங்கெல்லாம் தூங்குது."

"ஸ்கூல் லீவா?"

"லீவு விடணும்னாலும் விடியணும்ல? எல்லாரும் என்னயத் தேடி வந்தாங்க. நான் மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுக் கெழக்காமப் போறேன். சூலூர் தாண்டி, காங்கேயம் தாண்டி, கரூர் தாண்டிப் போனா, ரோட்டுக்குக் குறுக்கால வானம். அதுல சாவித்துளை. நான் உள்ள நுழையற அளவுக்குச் சாவித்துளை. ரேக்கு சின்னது, என்ன பண்றது? பக்கத்துத் தோட்டத்துல ஏர் இருந்துச்சு. ஏரத் தூக்கி உள்ள உட்டேன்."

பூங்கோதை கம்பியை ஒரு மயிரிழை தளர்த்தினாள். உருளை பின்னோக்கி வந்தது. ஊசி முனையில் நாலாவது பின் கனமாக, பிடிவாதமாக நின்றது. தூக்கினாள். இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். வெள்ளியங்கிரியின் குரல் தலைக்கு மேலே ஒரே கதியில் ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறிச் சத்தம் மாதிரி, தன் கிளினிக்கில் ஏசி ஓடுகிற சத்தம் மாதிரி. அது ஓடும்வரை கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது.

"ஒரே இழுப்பு. கொஞ்சம் வேகமா இழுத்துட்டேன் அம்முணி. காலையத் தாண்டி நேராப் பன்னெண்டு மணி வெயிலு வந்திருச்சு. ஊரே பல் வெளக்காம மத்தியானத்துக்கு வந்துருச்சு."

"அப்ப இட்லி?"

"இட்லி கேன்சல். நேரா சோறு."

"அப்ப அந்தக் காலை எங்க போச்சு?"

வெள்ளியங்கிரி நிறுத்தினார். "அது..." என்றார்.

'டிக்'.

உருளை முழுசாகத் திரும்பியது. தாழ் உள்ளே இழுத்துக்கொண்டது. பூங்கோதை கதவைத் தள்ளவில்லை. ஸ்டூல் கதவை ஒட்டிக் கிடப்பது நினைவில் இருந்தது. "ஹனா, ஸ்டூலோட கொஞ்சம் பின்னால போடா" என்றாள். உரசும் சத்தம். பிறகு மெதுவாகத் தள்ளினாள். தில்ஷாத் அவள் தலைக்கு மேலாகவே தாண்டி உள்ளே போய், குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி அடுப்பை அணைத்தாள். அணைத்த பிறகுதான் அழுதாள். கறிவேப்பிலை இன்னும் கையில் இருந்தது.

நஞ்சப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினாறு நிமிஷம். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னார். கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, வெள்ளியங்கிரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களப் போய்த் தப்பா நெனச்சிட்டனுங்க. நான் கீழ்ப்படியில நின்னுக்கிட்டிருந்தேன், உங்க கொரல்தான் கேட்டுது. ஒரே இழுப்புன்னு சொல்றீங்க, கதவு தொறக்குது."

கூடியிருந்தவர்கள் வெள்ளியங்கிரியின் வாயைப் பார்த்தார்கள். பூங்கோதையும் பார்த்தாள். இனி ஆயுசுக்கும் இந்தக் கதையைக் கேட்டாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டுக்கொள்ளலாம் என்றும் தோன்றியது.

"நானில்லீங்க" என்றார் வெள்ளியங்கிரி. "என் இழுப்புக்கு அது அசையக்கூட இல்ல. டாக்டர்தான் ஒவ்வொரு பின்னாத் தூக்கித் தொறந்தாங்க. நான் சும்மா பேசிக்கிட்டிருந்தேன்."

நஞ்சப்பன் சிரித்தார். "பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்" என்றார் மற்றவர்களிடம். படிக்கட்டில் நின்று கேட்டவர்கள் யாரும் வெள்ளியங்கிரியை நம்பவில்லை. அவர் வாழ்க்கையில் பொது இடத்தில் சொன்ன ஒரே உண்மை அது, அதை இத்தனை பேர் முகத்துக்கு நேரே பொய் என்று முடிவு கட்டியதில் அவர் நிலைகுலைந்துபோய் நின்றார். "சத்தியமாங்க" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

தில்ஷாத் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். ஹனா அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி, முதலில் நடையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு வெள்ளியங்கிரியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"பொய்" என்றாள். "டாக்டரும் தொறக்கல. நான்தான் தொறந்தேன்."

வெள்ளியங்கிரி அவள் உயரத்துக்குக் குனிந்தார். "நீயா? எப்படித் தொறந்தே?"

"ஊதினேன்."

"ஊதினாப் பூட்டுத் தொறக்குமா அம்முணி? ஆறு பின்னு இருக்குது உள்ள. அதுல ஒண்ணு ஏமாத்துப் பின்னு. ஊதினா எப்படித் தொறக்கும்?"

ஹனா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் தாத்தா? நீங்க வெளியதான இருந்தீங்க."